அடுத்த வீட்டு வில்லை

சிகந்தராபாத் பக்கத்துப் போலாரத்தில் எங்கள் சின்னக் கோயிலுக்குப் போதகராயிருந்த அந்த ஸ்காட்லாந்து துரையை நினைத்தால், அவர் முகத்துக்கும் முந்தி அவருடைய கேள்விதான் எனக்கு ஞாபகம் வருகிறது. "யார் கண்டது?" எதற்கும் அதுதான். பால்காரன் "அஸ்லி தூத், சாப்" என்று சுத்தப் பாலாகச் சொல்லிச் செம்பை நீட்டினால், "கறந்ததை யார் கண்டது?" என்பார். பால்காரனுக்குத் தமிழ் வராது. ஆனாலும் கேட்டுக் கேட்டு அந்த இரண்டு வார்த்தை அவனுக்கு மனப்பாடமாகிவிட்டது. கடைசியில் பங்களா வாசலுக்கு வரும்போதே "யார் கண்டது! யார் கண்டது!" என்று அவனே கூவிக்கொண்டு வருவான்.

நிஜாம் ராஜ்யம் நடந்த காலம். நான் போலாரம் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். பைபிள் வாசிக்கவும் கையெழுத்துப் போடவும் போதுமான படிப்பு. எங்கள் திருநெல்வேலிச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். துரையானாலும் எங்களுக்கு அவர் ஐயர்தான்.

ஐயர் அடிக்கடி குடையோடு ஸ்டேஷனுக்கு வருவார். கோட்டுப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து ஸ்டேஷன் கடிகாரத்தோடு ஒத்துப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால் இரண்டையுமே சந்தேகமாகப் பார்ப்பார். ஒருநாள், "பாசஞ்சர் வண்டி போயிற்றா?" என்று கேட்டார்.

"போயிட்டு ஐயரே."

"கண்டது யார்?"

"நான்தான் ஐயரே. பச்சைக்கொடி காட்டினதே நான்தானே."

"நீர் ஒருவர்" என்று தலையை ஆட்டினார். "வேறு?"

எதற்கும் இரண்டு சாட்சி வேண்டும் அவருக்கு. சென்னைப் பட்டணத்தில் ஒரு பண்டிதரிடம் படித்த தமிழ். தொட்டிலில் கிடக்கிற பிள்ளையிடம்கூட, "நீர் ஏன் அழுகிறீர்?" என்றுதான் கேட்பார். சிரிப்பாக இருக்கும். ஆனால் அவருக்கு முன்னால் யாரும் சிரித்ததில்லை.

இந்தக் குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். மலை, செம்மறியாடு, பனி, கல்லடுக்கிக் கட்டின வேலிகள், இவ்வளவுதான் அவர் பிறந்த கிராமம். நடுவில் ஒரு கோயில். அவருடைய தகப்பனார் அந்தக் கோயிலில் ரெஜிஸ்தர் எழுதுகிறவர். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் ஒரு புஸ்தகத்தில். சபை மூப்பர்கள் கூடி ஊராரை விசாரித்த வழக்குகள் இன்னொன்றில். அந்த வழக்குப் புஸ்தகத்தை, பழைய காலத்து ஏடுகளிலிருந்து தொடங்கி, ஐயர் வாலிபத்திலேயே தன் கையால் நகல் எடுத்துத் தகரப் பெட்டியில் வைத்துக் கப்பலில் கொண்டுவந்திருந்தார். என்றைக்காவது அந்தச் சபையின் சரித்திரத்தை எழுத வேண்டும் என்று ஆசை. எழுதினாரோ என்னவோ. எங்களுக்குச் சொல்லிச் சொல்லித் தீர்த்தார்.

"எங்கள் சபைப் புஸ்தகத்தில் இதற்கு ஒரு வழக்கு உண்டு" என்று ஆரம்பித்தாரானால் ஜெபக்கூட்டத்தில் ஒரு இருமல்கூடக் கேட்காது. ஓய்வுநாளில் தோட்டத்தில் கோசு பறித்த விதவை. மூப்பர் விசாரித்தபோது, "பறிக்கவில்லை, காற்று ஒடித்துப் போட்டதைப் பொறுக்கினேன்" என்று சாதித்தாளாம். முந்தின ஊர்ச் சபையின் நற்சாட்சிப் பத்திரம் இல்லாமல் வந்த ஒரு இடையன். பத்திரம் வந்து சேருகிறவரை குளிர்காலம் முழுவதும் கதவோரத்து பெஞ்சில் உட்காரவைத்தார்களாம். பக்கத்து வீட்டுக்காரி தன்னைச் சூனியக்காரி என்று சொல்லிவிட்டதால் கோபித்துக்கொண்டு போன மில்லுக்காரன் மனைவி. இவர்களெல்லாம் செத்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. ஐயர் சொல்வதைக் கேட்டால் இங்கே பக்கத்து லோத்குண்டாவில் குடியிருக்கிறவர்கள் மாதிரி இருக்கும்.

என் மனைவி ஞானம் வெங்காயம் அரிந்துகொண்டே கேட்பாள். "ஏங்க, அந்த மில்லுக்காரன் பொஞ்சாதி திரும்பி வந்தாளா இல்லியா? ஐயர் போன வாரம் சொல்லாமலே ஜெபம் பண்ணி முடிச்சிட்டாவ."

கேட்கும்போது ரசமாகத்தான் இருக்கும். பிறகு ஒரு யோசனை வரும். எங்கோ ஒரு விதவை கோசு பறித்தது கடல் தாண்டிப் போலாரம்வரை வந்துவிட்டதே, நம்முடைய கதை எந்த ஊருக்குப் போகும்? ஏனென்றால் கோயிலை ஒட்டி ஐயர் இருந்து எழுதுகிற வெஸ்திரி அறை மேஜையில் எங்கள் சபைக்கென்று ஒரு கறுப்புப் புஸ்தகமும் இருந்தது. அதில் அவர்தான் எழுதுவார். யார் சொன்னது, யார் கண்டது, எல்லாம்.

வில்லை விஷயத்தைச் சொல்லாவிட்டால் அவரைச் சொன்னதாகாது. கட்டைவிரல் நகத்தளவு, ஈயத்தில் வார்த்த சதுரம். ஒரு பக்கம் அவருடைய கிராமத்தின் முதல் எழுத்து, பாதி தேய்ந்தது. அந்த ஊரில் வில்லை கொடுக்கிற வழக்கம் நின்றுபோனபோது தகப்பனார் ஒரு தோல் பை நிறைய இவருக்குக் கொடுத்துவிட்டாராம். அப்பமும் திராட்சரசமும் பரிமாறுகிற திருவிருந்து ஞாயிறு அன்று எங்கள் கோயில் வாசலில் மூப்பர் ஒரு தட்டோடு நிற்பார். வில்லையைத் தட்டில் போட்டவர்தான் கர்த்தருடைய பந்திக்குப் போகலாம். அடுத்தவரோடு மனஸ்தாபம் உள்ளவருக்கு வில்லை கிடையாது. அவர் பின்பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ரயில்வேக்காரர் நிறைந்த சபை. ஒற்றைத் தண்டவாளத்தில் டிரைவர் கையில் டோக்கன் இல்லாமல் வண்டி நகராது என்று எங்களுக்குத் தெரியும். சனிக்கிழமையானால் ஒருவரையொருவர், "என்ன, ஐயரு லைன் கிளியர் குடுத்தாரா?" என்று கேலி பண்ணிக்கொள்வோம். கேலிக்குள்ளே பயமும் இருந்தது.

யாருக்கு யாரோடு சண்டை என்பது அவருக்கு எப்படித் தெரிகிறது? அதுதான் எங்களைக் குடைந்தது. கோழி காணாமல் போனது, குழாயடியில் குடத்தைத் தள்ளியது, எல்லாம் தெரிந்திருக்கும். யாரோ போட்டுக்கொடுக்கிறான் என்று மணியடிக்கிற கோயில்பிள்ளையைச் சந்தேகப்பட்டோம். பிறகு அவர் சமையற்காரனை. பிறகு ஒருவரையொருவர்.

வெகுகாலம் கழித்துத்தான் ஒருநாள் எனக்குப் பிடிபட்டது. ஐயர் சனிக்கிழமை வீடு வீடாக வருவார். வந்தால் நம்முடைய வில்லையை நம்மிடம் தரமாட்டார். அடுத்த வீட்டாருடையதைத்தான் தருவார். எங்களுக்கு அடுத்த வீடு தேவசகாயம். "இது தேவசகாயத்துக்கு. நீர் கொண்டுபோய்க் கொடும்." நம்முடையது அடுத்த வீட்டார் கையால் வரும். மனஸ்தாபம் இல்லையென்றால் வாங்கிக்கொண்டு போய்விடுவோம். இருந்தால்? "கையில மாவு ஐயரே." "அவுக வீட்ல ஆளில்லியே." "அங்க வையுங்க, பொறவு குடுக்கேன்." அவ்வளவுதான். ஐயர் பையைச் சுருக்கிட்டு எழுந்துவிடுவார். போட்டுக்கொடுத்தது யாருமில்லை, எங்கள் கைகள்தான்.

இதைக் கண்டுபிடித்தவுடன் மனுஷனை முழுக்கத் தெரிந்துகொண்டேன் என்று நினைத்தேன். தெரியவில்லை என்பது என் தங்கை அன்னாளின் கல்யாணத்தில் விளங்கியது.

தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளை, நான் வளர்த்தவள். ராணுவ ஸ்டோர்ஸில் வேலையாயிருந்த, அரக்கோணத்திலிருந்து வந்த ஒரு வாலிபனுக்குப் பேசி முடித்தேன். எங்கள் பாடகர் குழுவில் பாடுகிறவன். நல்ல குரல். வாக்குக் கொடுத்தாயிற்று. எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாரும் இன்னாரும் விவாகம் செய்யப்போகிறார்கள், தடை அறிந்தவர் சொல்லலாம் என்று. இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஞாயிறு திருவிருந்து ஞாயிறாக அமைந்தது.

அன்றைக்கு ஐயர் வேறொரு ஜோடியின் ஓலையை வாசித்தார். எங்கள் ஓலையை வாசிக்காமல் பாட்டு எண்ணைச் சொன்னார். பெண்கள் பக்கத்தில் எல்லாத் தலையும் அன்னாளைப் பார்த்துத் திரும்பின. மாப்பிள்ளை பாடகர் பெஞ்சிலிருந்து எழுந்து வெளியே போனான். அதற்குப் பிறகு அவன் எங்கள் கோயிலுக்கு வரவேயில்லை.

நான் வெஸ்திரிக்குள் போனேன். "ஐயரே, எங்க ஓலை விட்டுப்போச்சே?"

"விட்டுப்போகவில்லை. நிறுத்தினேன்."

"என்னத்துக்கு?"

"தடை உண்டு."

"தடைன்னு யார் சொன்னது?"

அவர் பேனாவைத் துடைத்தார். "யார் கண்டது ஐயரே? யார் கண்டது?" என்று கத்திவிட்டேன். அவருடைய கேள்வியையே அவரிடம் கேட்டேன்.

"சொல்லமாட்டேன்."

"ரெண்டு சாட்சி உண்டா? அதையாவது சொல்லுங்க."

"உண்டு" என்றார். பந்திக்கு இருக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு சாட்சி. யார் அந்த இரண்டு பேர்? அப்போதுதான் தேவசகாயத்தின் நினைவு வந்தது. ரயில்வே லைன் வீடுகளில் எங்களுக்கு அடுத்தது. இஞ்சின் ஃபயர்மேன். ஆற்காட்டுக்காரர்தான், ஆனால் சிகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சில் உருது கலந்து வரும். முந்தின நாள் சாயங்காலம் அவர் ஐயர் பங்களா கேட்டிலிருந்து வெளியே வந்ததை நான் பாயிண்ட் அருகில் நின்று என் கண்ணால் பார்த்தேன். அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான் அன்னாளைத் தன் மச்சானுக்குக் கேட்டார். நாங்கள் கொடுக்கவில்லை.

"அந்தக் காந்தல்தான்" என்றாள் ஞானம். "வேற என்ன? ஏட்டி அன்னாள், நீயே சொல்லு."

அன்னாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள்.

குழாயடியில் தேவசகாயத்தை மறித்தேன். அவர் திகைத்துப்போய், "க்யா பிரதர், காய்கூ? எதுக்கு என்மேல பாயுறீங்க?" என்றார். "நான் பங்களாவுக்குப் போனது கோயில் மணிக்கயிறு அறுந்துபோச்சுன்னு சொல்லத்தான்."

"மணிக்கயிறா? அறுந்ததை யார் கண்டது?"

"அரே, நீங்களும் ஐயர் மாதிரியே ஆயிட்டீங்க!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பையும் நான் அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். இரண்டு முற்றத்துக்கும் நடுவே மூங்கில் தட்டி வைத்து அடைத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திருவிருந்துக்கும் ஐயர் வருவார். தேவசகாயத்தின் வில்லையை என் முன்னால் நீட்டுவார். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். தட்டிக்கு அந்தப் பக்கம் தேவசகாயத்தின் குரல் கேட்கும். "குடுங்க ஐயர், அவருடையதை நான் குடுக்கறேன். வாங்கலேன்னா வாசப்படியில வச்சுட்டு வர்றேன்."

"பாத்தியா?" என்பேன் ஞானத்திடம். "தப்புப் பண்ணினவன்தான் முந்திக்கிட்டுக் கையை நீட்டுவான்."

நான் வாங்காததால் அவருக்கும் வில்லை இல்லை. இரண்டு பேரும் பின்பெஞ்சில், அவர் ஒரு கோடி, நான் ஒரு கோடி. ஞானத்துக்கும் மற்றவர்களுக்கும் கிடைத்தது. அப்பமும் ரசமும் என்னைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு தடவையும், ஆண்டவரே, நான் செய்த குற்றம் என்ன என்று அழுதிருக்கிறேன். ஆனாலும் கை நீளவில்லை.

தேவசகாயத்துக்காவது நேரே கொடுத்துவிடலாமே என்று மூப்பர்கள் கேட்டதற்கு ஐயர் ஒரு வழக்குச் சொன்னாராம். அவர் கிராமத்தில் கல்வேலிக்காகச் சண்டை போட்ட இரண்டு குடியானவர்கள். சாகிறவரை இருவருக்கும் வில்லை இல்லை. அந்த ஊரில் மூப்பரே நேரில் வந்து வில்லை கொடுப்பது வழக்கம். அதனால் அந்த இரண்டு பேரும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. அடுத்த வீட்டார் கையில் கொடுத்தனுப்புவது ஐயர் தாமாக ஏற்படுத்தினது. "அவர்களில் ஒருவர் என் பாட்டனார்" என்றாராம். எனக்கு அந்தப் பாட்டனார்மேலும் சந்தேகம்தான். எனக்காகக் கட்டின கதை என்று நினைத்தேன்.

அன்னாளை ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் படிக்க அனுப்பவேண்டும் என்று ஐயர் வந்து சொன்னபோதும் அப்படித்தான். கல்யாணத்தைக் கெடுத்ததும் அல்லாமல் பெண்ணையும் வீட்டைவிட்டுக் கிளப்புகிறாரே, உள்நோக்கம் என்ன? அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்துத்தான் சம்மதித்தேன்.

வருஷங்கள் போயின. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஐயருக்கு ரத்தம் சுண்டி, நடமாட்டம் நின்றுபோயிற்று. பட்டணத்துக்கு ரயிலேற்றி, அங்கிருந்து கப்பல் கிடைத்தால் ஊருக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. போகுமுன் கடைசியாக ஒரு திருவிருந்து. வீடு வீடாகப் போக முடியாமல் எங்களைப் பங்களாவுக்கு அழைத்தார். லீவில் வந்திருந்த அன்னாள்தான் அவருக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பிரம்பு நாற்காலியில் போர்வைக்குள் சின்னதாக உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பைக்குள் கையை விட்டு எடுத்து நீட்டினார். "இது தேவசகாயத்துக்கு."

"யார் சொன்னதுன்னு சொல்லுங்க ஐயரே, வாங்கிக்கிடுதேன். போற காலத்துலயாவது சொல்லிட்டுப் போங்க."

நீட்டின கை கீழே இறங்கியது. மறுபடியும் தூக்கி நீட்டினார்.

அன்னாள் மருந்துக் கிளாஸைக் கீழே வைத்தாள். "அண்ணே, நான்தான்."

எனக்கு விளங்கவில்லை.

"மூணாம் ஓலைக்கு முந்தின நாள் நீங்க டூட்டியில இருந்திய. மதினி பஜாருக்குப் போயிருந்தாவ. ஐயர் வந்து, 'இது உமது மணவாளனுக்கு, நாளைக்கு நீர் கொடும்'னு அவருக்குள்ள வில்லையை நீட்டினாவ. நான் கையைப் பின்னால கட்டிக்கிட்டேன். ஏன்னு கேட்டாவ. ஸ்டோர்ஸ் லைன் குழாயடியில அவரு தன்னோட விதவை அக்காவைப் பெல்ட்டைக் கழத்தி அடிச்சதைச் சொன்னேன். அடிச்சிட்டு, மூஞ்சியைக் கழுவிட்டு, நேரே பாட்டுப் பழக வந்துட்டாரு அண்ணே. கண்டது யாருன்னு ஐயர் கேட்டாவ. நான்தான்னேன். வேறுன்னாவ. வேற யாருமில்லன்னேன். ஐயர் அப்படியே வில்லையை நீட்டிக்கிட்டே நின்னாவ. நான் வாங்கல. ரொம்ப நேரம் கழிச்சுச் சொன்னாவ, 'உமது வாய் ஒரு சாட்சி. உமது கை ஒரு சாட்சி'ன்னு."

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"நீங்க வாக்குக் குடுத்திருந்திய. தெரிஞ்சா என்னையத்தான் சமாதானம் பண்ணிக் கட்டிவச்சிருப்பிய. அண்ணனுக்குத் தெரியவேண்டாம்னு ஐயர்கிட்ட நான்தான் கேட்டுக்கிட்டேன்."

அவள் சொன்னது நிஜம்தான். நான் அப்படித்தான் செய்திருப்பேன். என் கோபம் ஐயர்மேல் திரும்பியது. "அன்னாள் பேரைச் சொல்லவேண்டாம். தேவசகாயம் இல்லைன்னாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயரே! இத்தனை வருஷம் அந்த மனுஷனும் பந்தி இல்லாம உக்காந்திருந்தாரே!"

ஐயர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "தேவசகாயம் அல்ல என்றால், கோயில்பிள்ளையா என்பீர். அவரும் அல்ல என்றால், சமையற்காரனா என்பீர். ஒவ்வொருவராய்க் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் உமது வீட்டுக்குள் வருவீர்." கொஞ்சம் பொறுத்து, "தேவசகாயத்துக்கு நான் அநியாயம் செய்தேன். அதை அறிவேன்" என்றார்.

வில்லையை வாங்கினேன். கையை இறுக்க மூடிக்கொண்டு ஸ்டேஷன் ரோடு முழுவதும் நடந்தேன். நான் வைத்த தட்டி இருந்ததால் சுற்றிக்கொண்டுதான் தேவசகாயம் வீட்டு வாசலுக்குப் போக வேண்டியிருந்தது. அவர் படியில் உட்கார்ந்து பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"க்யா பிரதர், வழி தப்பி வந்துட்டீங்களா?"

கையைத் திறந்து நீட்டினேன். "ஐயர் குடுத்தாரு. உங்களுக்கு."

அவர் வாங்கவில்லை. வில்லையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ சொன்னது யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

"நீங்க இல்ல."

"ஹவ், ஆமா, அது எனக்குத் தெரியுமே. பின்னே யாரு? கோயில்பிள்ளையா?"

நான் வில்லையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினேன்.

"சமையக்காரனா? நக்கோ பிரதர், ஒளிக்காதீங்க, இத்தனை வருஷம் பின்பெஞ்சுல உக்காந்தவன் நான். எனக்குச் சொல்லலாம் இல்ல?"

சொல்லியிருக்கலாம்தான். அவரைவிட அதைக் கேட்கிற பாத்தியதை யாருக்கு இருந்தது? ஆனால் லைனில் சொன்ன பேச்சு லைனில் நிற்காது. ஒரு பெண் தன் மாப்பிள்ளையைத் தானே தள்ளினாள் என்று ஆளுக்கொரு காரணம் கட்டுவார்கள். நான் நீட்டின கையை மடக்காமல் நின்றேன். தோள் வலித்தது. ஐயர் இத்தனை வருஷம் எப்படி நின்றார் என்று அப்போது தெரிந்தது.

தேவசகாயம் தன் கையைத் துணியில் துடைத்துவிட்டு வில்லையை எடுத்துக்கொண்டார். "சூடா இருக்கு பிரதர். அடுப்புலயிருந்தா எடுத்தாந்தீங்க?" உள்ளே திரும்பி மனைவியிடம், "ஏய், காப்பி போடு" என்றார். காப்பி குடிக்கும்வரை இருந்துவிட்டு வந்து தட்டியைப் பிடுங்கினேன். இருட்டுகிற நேரம் அவர் பங்களாவுக்குப் போய் என்னுடைய வில்லையை வாங்கிக்கொண்டு வந்தார். மறுநாள் இரண்டு பேரும் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம்.

ஐயர் போனார். ஊர் போய்ச் சேர்ந்தாரா என்று எங்களுக்குத் தகவல் இல்லை. பின்னால் வந்த போதகர் வில்லையை எல்லாம் ஏறக்கட்டிவிட்டார். அவர் ஒருநாள் அந்தக் கறுப்புப் புஸ்தகத்தை என்னிடம் காட்டினார். ஊர்க் கதையெல்லாம் எழுதின புஸ்தகத்தில் எங்கள் ஓலை நின்றதைப்பற்றி ஒரு எழுத்து இல்லை. ஆனால் அந்த வாரத்தில் இப்படி எழுதியிருந்தது: கோயில் மணிக்கயிறு அறுந்தது. சொன்னவர் தேவசகாயம். கண்டவர் தேவசகாயம், கோயில்பிள்ளை.

ஐயர் செய்தது சரிதானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். ஒரு பெண்ணைக் காப்பாற்ற ஒரு நல்ல மனுஷனைப் பின்பெஞ்சில் உட்காரவைத்தார். ஜெபத்தில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஆண்டவர் எனக்கு இன்னும் பதில் தரவில்லை.

அன்னாள் கர்த்தருக்குள் போய்விட்டாள். கடைசி நாட்களில், "இனிமே சொல்லுங்க அண்ணே, பாவம் அவரு" என்று அவளே சொன்னாள். தேவசகாயம் லோத்குண்டாவில் மகன் வீட்டில் இருக்கிறார். இன்னமும் சமையற்காரன்மேல்தான் அவருக்குச் சந்தேகம். அதற்காகத்தான் இதையெல்லாம் எழுதினேன். தபாலில் அனுப்பமாட்டேன். நாளைக்கு நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பேன்.